சந்தனம் வைத்த ரிவால்வர்

என் தங்கை சாரதாமணியின் வீட்டுக்காரர் பெயர் மகுடேஸ்வரன். திருப்பூர் வீரபாண்டியில் காலர் மெஷின் போட்டுக் கம்பெனி நடத்துகிறார். பனியன் சட்டைக்குக் கழுத்துப்பட்டை பின்னுகிற மெஷின்கள்தான் அவை. நான் செங்கோட்டையன், நூல் புரோக்கர். பேசிப் பேசியே பிழைக்கிறவன். மாப்பிள்ளை ஒரு வருடத்தில் பேசுவதை நான் ஒரு நாளில் போனில் பேசி முடித்துவிடுவேன் என்று என் பெண்டாட்டி சொல்வாள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. சின்ன ரிவால்வர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்சிக்காரன் பின்னால் அலைகிற வேலை கிடையாது. இது மட்டும்தான். சனிக்கிழமை சம்பளத்துக்கு பேங்கிலிருந்து பணம் எடுத்து வரப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கினார். சம்பளப் பணம் எடுக்கப் போகும்போது ஒரு நாள்கூட அவர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, வெறும் மஞ்சப்பையோடு போவார்.

முதலில் வாங்கியது கான்பூரில் செய்த முப்பத்திரண்டு காலிபர், குழல் வாயின் அளவு அது. பிறகு அதே அளவில் இன்னொன்று. மூன்றாவதாகக் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பத்திடமிருந்து ஒரு இருபத்திரண்டு வந்தது. பழைய வெளிநாட்டுச் சாமான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கொண்டுவந்த அன்றைக்குச் சோறுகூட உண்ணாமல் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் மிஞ்சுகிற பனியன் வேஸ்ட் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குண்டு போடுகிற உருளையை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, அது 'டிக்' என்று உட்காருகிற சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பார். "ஏன் மாப்ளே, சுடறதுதான் சுடறீங்க, பெருசா ஒண்ணு வாங்கறது? இது தீவாளித் துப்பாக்கியாட்ட இருக்குது" என்று கிண்டல் செய்தேன்.

"பெருசு எதுக்குங்க மச்சா? அதுல சத்தந்தான் பேசும். இதுல கைதான் பேசோணும்" என்றார்.

அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததே எனக்கு அதிசயம். பிறகு சட்டம் மாறி, ஒருத்தருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று ஆனபோது, முப்பத்திரண்டில் ஒன்றைக் கோயம்புத்தூர் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவர் போல வெளியே வந்து, காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றார். அதையெல்லாம் நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது. ரித்தீஷ் இருந்தான்.

ரித்தீஷ் அவர்களுக்கு ஒரே பையன். டெக்ஸ்டைல் படித்துவிட்டு அப்பனோடு கம்பெனியில் உட்கார்ந்திருந்தான். பல்லடம் ரோட்டில் பைக்கில் வந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது. சாரதா கத்தினாள், மண்ணில் புரண்டாள், யார் யாரையோ திட்டினாள். மகுடேஸ்வரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சொந்த ஊரான கொமரலிங்கத்திலிருந்து அவர் அண்ணன் தம்பிகள் எல்லாம் வந்து, தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுருப்பா, அழுதுரு" என்றார்கள். "செரிங்க" என்றார். அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிக்குப் போய், "நூல் வந்துச்சா?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் மரத்துப்போனார். வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. உப்பில்லாத ரசத்தை ஊற்றினாலும் உண்பார். காய்ச்சலா என்று கேட்டால், "தெரீலீங்க" என்பார். ஒரு தடவை காலர் மெஷினில் விரல் நகம் பெயர்ந்து ரத்தம் சொட்டுகிறது, அந்தக் கையாலேயே செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூரில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். "எப்படீங்க இருக்குது?" என்றால் "ஒண்ணும் இல்லீங்க" என்பார். நல்லா இருக்கிறது என்றும் இல்லை, நல்லா இல்லை என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரைபிள் கிளப்புக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. அந்த இருபத்திரண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சாரதாவுக்கு அங்கேதான் பிடித்தது பயம். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டி கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல், "ஏனுங்ணா, ஊட்டுல அந்தக் கெரகத்த வெச்சுக்கிட்டு எனக்குக் கண்ணு மூட முடீலீங்ணா. அவரு பொரண்டு படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கறேன். பாத்ரூம் போனா கதவுகிட்ட நிக்கறேன். பீரோ சாவி அவரு இடுப்புல இருக்குது. என்னைக்காச்சும் ஒரு நாளு எடுத்து வெச்சுக்கிட்டாருன்னா?" என்று கேட்டாள்.

எதை எங்கே வைத்துக்கொள்வார் என்பதை அவள் சொல்லவில்லை. விரலை மட்டும் நெற்றிப் பொட்டருகே கொண்டுபோய்ச் சட்டென்று இறக்கிவிட்டாள்.

"நேரா கேட்டுரு அம்முணி" என்றேன்.

"எப்படீங்ணா கேக்கறது? நெனப்பில்லாத மனுசனுக்கு நானே நெனப்பக் குடுத்தாப்ல ஆயிருச்சுன்னா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது வழக்கம்போலத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் அங்கேதான். அந்த நாட்களில் சாரதா முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. "வருசத்துக்கு நாலு எலெக்சன் வந்தாத் தேவலீங்ணா" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். திரும்ப வாங்கி வந்த அன்றைக்கு மறுபடியும் பழைய முகம்.

மாப்பிள்ளையிடம் நான் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "இனி எதுக்குங்க அது? கடைல குடுத்துருங்க மாப்ளே" என்றேன். அவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "எனக்கு இப்ப அது ஒண்ணுதானுங்க மச்சா தெரியுது" என்றார். "மத்ததெல்லாம் போர்வைக்கு அந்தப் பக்கம் நடக்கறாப்ல இருக்குது. அத நீட்டிப் புடிச்சு, மூச்ச நிறுத்தி, வெரல மெதுவா அழுத்தறப்ப மட்டும் என்ற கை எனக்குத் தெரியுது."

சாரதா என் தலையில் ஒரு வேலையைக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் போக வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது, பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன். கிளப்பில் கொடுக்கிற காதடைப்பானை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் சுடுவது அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. அவசரமே இருக்காது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே கோடாக நிற்கும். 'டப்' என்று சின்னச் சத்தம். தூரத்தில் காகிதத்தில் பொட்டுப் போலத் துளை. முகத்தில் மட்டும் எதுவும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை திரும்புமோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. போன ஆயுத பூஜை வந்தது.

திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் சாமானியமா? வாழைக் கன்று கட்டாத கம்பெனி இருக்காது. மெஷின், தராசு, டெம்போ, கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி கடலை கொடுப்போம். மகுடேஸ்வரன் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பூஜையில் வைத்த எதையும் முதல் ஓட்டம் ஓட்டாமல் துடைக்கக் கூடாது. பொட்டோடு மெஷினை ஓட்டி, முதல் காலர் பின்னி இறங்கிய பிறகுதான் துணியைத் தொடுவார்கள். ரிவால்வருக்கும் அதே கணக்கு. பூஜையறையில் தாம்பாளத்தில் வைத்துப் பொட்டு வைப்பார். அப்படியே பெட்டியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பொட்டோடு முதல் குண்டு சுட்டுவிட்டுத்தான் துடைப்பார். மற்ற நாளில் குழலைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்க்காமல் குண்டு போடாத மனிதர், அந்த ஒரு நாள் மட்டும் பார்க்க மாட்டார்.

இந்தத் தடவை, "நானே வெக்கறேனுங்க" என்று சாரதா சொல்லியிருக்கிறாள். "செரி" என்று பீரோவைத் திறந்துவிட்டுக் கம்பெனி பூஜைக்குப் போய்விட்டார்.

விஜயதசமி கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கிளப்பில் பொறுப்பாளர் சிவராஜ், ரிட்டயர்டான சப்-இன்ஸ்பெக்டர். பொட்டு வைத்த ரிவால்வரைப் பார்த்து, "என்னங்க, பொண்ணுக்கு அலங்காரமெல்லாம் பலமா இருக்குது" என்றார். மாப்பிள்ளை குழல் வாயில் இருந்த பொட்டை மட்டும் நகத்தால் சுரண்டிவிட்டுக் குண்டைப் போட்டார். நீட்டினார். மூச்சை நிறுத்தினார்.

சத்தம் சரியாக வரவில்லை. தலையணைக்குள் வெடித்தது போல ஒரு மொத்தல். காகிதத்தில் துளை இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாராவது இருந்தால் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளை அழுத்தவில்லை. விரலை விசையிலிருந்து எடுத்தார். குழல் முன்பக்கம் பார்த்திருக்க, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது மாதிரி மேசையில் வைத்தார். இரண்டடி பின்னால் வந்தார். உதடு வெளுத்திருந்தது. "மச்சா, தண்ணி" என்றார்.

சிவராஜ் ஓடி வந்து, மிச்சக் குண்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். குழல் நடுவில் பாம்பு எலியை முழுங்கினது போல வீங்கியிருந்தது. "சாமி காப்பாத்துச்சுங்க. ரெண்டாவது அமுக்கியிருந்தீங்கன்னா கையும் இருக்காது, மூஞ்சியும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே கம்பியை விட்டுக் குடைந்தார். ஈயக் குண்டுக்கு முன்னால் கருகிப்போய் ஒரு துணிச் சுருள் வந்தது. பனியன் வேஸ்ட். சந்தனத்தில் தோய்த்து, கல்லாக இறுகியிருந்தது. வெடிமருந்து நாற்றத்திலும் அந்தச் சந்தன வாசம் எனக்கு அடித்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"யாருங்க இந்த வேலையப் பண்ணுனது?" என்று சிவராஜ் கத்தினார்.

"பூசை போட்டதுங்க. நாந்தான் சரியாப் பாக்கல" என்றார் மகுடேஸ்வரன்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், "பயமா இருந்துச்சுங்க மச்சா" என்றார். தனக்கு இப்படி இருந்தது என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்னது இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "சாரதா எதுக்குங்க அத அடச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? வண்டியை ஓரம் கட்டினேன். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. "எதுக்கா? நீ சுட்டுக்கிட்டுச் செத்துப்போவீன்னுதான்! ரெண்டு வருசமா அந்தப் புள்ள உன்னையக் காவல் காத்துக்கிட்டுக் கெடக்குது. நா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உன்ற பின்னால வந்து உக்காந்திருக்கறது துப்பாக்கிமேல இருக்கற ஆசைலயா? சொல்லு!"

அவர் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுக்குப் போலாங்க" என்றார்.

சாரதா அடுக்களையில் இருந்தாள். நேரத்தோடு திரும்பிவிட்டோம் என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மாப்பிள்ளை அந்தக் கருகிய துணிச் சுருளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"வெடிக்காதுன்னுதானுங்க வெச்சேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பூசைக்கு வெச்சதத் தொடக்க மாட்டீங்களேன்னு ரெண்டுலயும் ஊதுபத்திக் குச்சியில உள்ள தள்ளி அடச்சேன். வாய் அடச்சுட்டா வெடிக்காதுல்ல? என்னைக்காச்சும் நீங்க எடுத்தாலும் வெடிக்காதுன்னு…"

"வாய அடச்சாத்தான் அம்முணி அது வெடிக்கும்" என்று நான் சொல்லிவிட்டேன். இந்த வாயை அடக்க எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. "இன்னைக்கு இந்தாளு பொளச்சதே பெருசு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மகுடேஸ்வரன் அவளுக்கு எதிரே போய், அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"சாரதா, இந்த ஊட்டுல குண்டு இல்ல" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்ல. ரித்தீசுக்குக் காரியம் முடிஞ்ச அன்னைக்கே எல்லாத்தையும் கொண்டுபோயி கிளப்புல குடுத்துட்டேன். அங்க போனா சிவராசு எடுத்துத் தருவாரு. மீந்தத அங்கயே குடுத்துட்டு வந்துருவேன். எனக்கே என்னைய நம்ப முடீல. அதனாலதான்."

இரண்டு வருடமாக அவர் பின்னாலேயே போய் உட்கார்ந்த எனக்கு அது தெரியாது. சிவராஜ் டப்பாவிலிருந்து குண்டு எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், விற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாரதாவுக்கு அதில் குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூடத் தெரியாது. அந்த வீட்டில் இருந்தது வெறும் இரும்பு. அவர் அதிலிருந்து தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று இவள்தான் கொன்றிருப்பாள்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?" என்றாள் சாரதா.

"நீ கேக்கலியே."

அவ்வளவுதான். என் தங்கைக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, எட்டி அவர் சட்டையைப் பிடித்து நெஞ்சில் குத்த ஆரம்பித்தாள். "கேக்கலியா? நா கேக்கலியா? நா தூங்கலீங்க! ரெண்டு வருசமா நா தூங்கலீங்க!" கும் கும் என்று குத்து விழுகிறது. அவர் தடுக்கவே இல்லை. நான் போய்ப் பிரித்துவிடலாமா என்று நின்றேன். பிறகு, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை ஓய்ந்ததும் அவர் மேலேயே சாய்ந்தாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, உள்ளறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்கவைத்தார். "தூங்கு சாரதா. நா இங்கயேதான் இருக்கறேன்" என்றது எனக்குக் கேட்டது.

அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தேன். பசியில் எனக்குக் காது அடைத்தது, வெட்கத்தை விட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை உள்ளறை வாசலில் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுக்காமல் அணைத்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அவர் எழவில்லை.

உள்ளேயிருந்து குறட்டை வந்தது. சின்ன வயதிலிருந்தே சாரதாவுக்கு அது உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அம்மா அதைச் சொல்லித் திட்டாத நாளில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. மகுடேஸ்வரன் தலையைத் திருப்பிக் கேட்டார். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"இந்தச் சத்தம் ரெண்டு வருசமா இல்லீங்க மச்சா" என்றார். "பக்கத்துலதான் படுத்திருந்தேன். இல்லேங்கறதே எனக்குத் தெரீல."

சொல்லிவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவள் எழுந்துவிடக் கூடாது என்று சத்தம் வராமல் அழுதார்.